வெறும் டியூபில் தெரிந்த கோடு

ஏரிச் சேற்றில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் பாக்டீரியாக்கள் கடுகு கொட்டியதுபோல் கிடக்கும். அதே துளியை ஊட்டம் கலந்த தட்டில் பரப்பி வைத்தால், மறுநாள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் புள்ளிகள் முளைத்திருக்கும். மற்றவை செத்தவை அல்ல. நாம் போடும் சாப்பாடு அவற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை, அல்லது சூடு சரியில்லை, அல்லது கூட்டாளிகளை விட்டுத் தனியாக இருக்க முடிவதில்லை. எது காரணம் என்று பெரும்பாலும் தெரியாது. என் மாணவப் பருவம் முழுவதும் தட்டில் முளைத்ததை மட்டும் வைத்து, ஏரியில் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தோம். பந்தியில் உட்கார்ந்தவர்களை எண்ணி ஊர் ஜனத்தொகையைச் சொல்வது போன்ற வேலை அது.

தொண்ணூறுகளில் இது மாறியது. வளர்க்காமலே கண்டுபிடிக்கலாம் என்றார்கள். சேற்றிலிருந்து நேராக டி.என்.ஏ.வைப் பிரிப்பது, எல்லா பாக்டீரியாவிலும் பொதுவாக இருக்கும் ஒரு மரபணுவை மட்டும் பி.சி.ஆர். இயந்திரத்தில் பெருக்குவது, பெருகியதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எழுத்து வரிசையையும் படிப்பது. அந்த மரபணு ஓர் இனத்தில் இருப்பதுபோல் அப்படியே இன்னோர் இனத்தில் இருக்காது. ஆகவே வரிசையைப் படித்தால், தட்டில் ஒருநாளும் முளைக்காதவனைக்கூட இன்னார் வகையறா என்று சொல்லிவிடலாம். மைசூரில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்கு அந்த இயந்திரம் வந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. தட்டுகளோடே பாதி ஆயுள் போயிருந்தது. இயந்திரத்தின் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நான் பொருள்களை எடுத்த இடத்தில் வைப்பவள் என்பது தவிர அதற்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த இயந்திரத்தை அதிகம் பயன்படுத்தியவள் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூரிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி. விவசாயக் குடும்பம். அவள் அப்பாவிடம் ஒரு டிராக்டர் இருந்தது; உழவு இல்லாத நாட்களில் அதை வாடகைக்கு ஓட்டுவார். அவள் பேசும் தமிழ் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழ் மாதிரி இருக்கும். நான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் பேசும் தமிழில் பாதி கன்னடம். நாங்கள் இருவரும் தமிழில் பேசிக்கொண்டால் துறைத் தலைவர் சிரிப்பார். "ரெண்டு பேர்ல யார் பேசறது தமிழ்னு முதல்ல முடிவு பண்ணுங்கோ" என்பார். அவருடைய குடும்பம் மேலுகோட்டையிலிருந்து வந்தது. வீட்டுத் தொலைபேசி வந்தால் எங்கள் இருவருக்குமே புரியாத பழைய தமிழ் ஒன்று பேசுவார். அவர்தான் அவளுடைய ஆய்வு வழிகாட்டி.

அவளுடைய ஆய்வு, நகரத்தின் ஓரத்தில் சாக்கடை வாய்க்கால் வந்து சேரும் ஓர் ஏரியின் சேற்றில் யார் யார் இருக்கிறார்கள் என்பது. ஏரிச் சேற்றில் ஒரு சிக்கல் உண்டு. டி.என்.ஏ.வோடு சேர்ந்து தேநீர் நிறத்தில் ஒரு கசடும் வரும். அது பி.சி.ஆரை ஓடவிடாது. எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் மிஞ்சும். ஆகவே சாற்றை நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்துதான் போடவேண்டும். கசடு குறையும், கூடவே டி.என்.ஏ.வும் குறையும். முதல் தொகுதி மாதிரிகளை அவள் இப்படித்தான் மழைக்காலத்தில் முடித்தாள். வந்த வரிசைகள் எல்லாம் ஏற்கெனவே மற்றவர்கள் வேறு ஊர்களில் பார்த்தவை. தலைவர் நன்றாக இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார்.

அந்த வருடத்து ஆயுத பூஜை அவளுக்கு எங்கள் கூடத்தில் முதல் ஆயுத பூஜை. அதற்கு முந்தைய வருடம் ஊருக்குப் போயிருந்தாள். எங்கள் வழக்கம் எளிமையானது. சென்ட்ரிஃப்யூஜ், ஆட்டோகிளேவ் என்ற பெரிய இயந்திரங்களுக்கு ஒவ்வொரு சரம் சாமந்தி, மூடியில் சந்தனம் குங்குமம், வாசலில் ஒரு பூசணிக்காய். எங்கள் அட்டெண்டர் அன்று விடியற்காலையில் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ப் படித்துறையில் காவேரித் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துவருவார். தலைவர் அதை மாவிலையால் எல்லாவற்றின்மேலும் தெளிப்பார். பிறகு பொரி, கடலை, வாழைப்பழம். மத்தியானத்துக்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோம்.

அவள் அன்று முன்னதாக வந்து, மேசை ஓரத்தில் ஒரு வாழை இலையை விரித்து, தன் பிப்பெட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். சொட்டுக்கும் குறைவான அளவை எடுக்கும் அந்தக் கைக்கருவிகள்தான் எங்கள் வேலை முழுவதும். அவற்றை இதுவரை யாரும் பூஜையில் வைத்ததில்லை.

"இதென்னடா, கத்தரிக்காய் வியாபாரமா?" என்றார் அட்டெண்டர்.

"எங்கூர்ல டிராக்டருக்கு மட்டும் வெச்சாப் பத்தாதுங்கண்ணா. மம்முட்டி, அருவா, களைக்கொத்து எல்லாம் கழுவி வெப்பமுங்க. கையில பிடிக்கறதை வெக்கோணும். ஆட்டோகிளேவை நானா கையில பிடிக்கறேன்?"

"செரி செரி. அப்ப உன் கைக்கும் ஒரு பொட்டு வெச்சுக்க."

தலைவருக்கு அவள் சொன்னது பிடித்துவிட்டது. "சரியாத்தானே சொல்றா" என்று, இலையின்மேல் கொஞ்சம் தாராளமாகவே தெளித்தார். ஒவ்வொரு பிப்பெட்டின் கழுத்திலும் அவள் குங்குமத்தைக் குழைத்து வைத்தாள். மறுநாள் விஜயதசமி. புது வேலை தொடங்க நல்ல நாள் என்று, ஊர் முழுவதும் ஊர்வலம் பார்க்கப் போயிருந்தபோது, அவள் கூடத்தைத் திறந்து, இரண்டாம் தொகுதிக்கு வேண்டிய தூய நீரையும் மற்றக் கரைசல்களையும் சிறு சிறு டியூப்களில் பிரித்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டாள். அடுத்த பல மாதங்களுக்கு அவள் பயன்படுத்தியது அவற்றைத்தான்.

இரண்டாம் தொகுதியில்தான் அவன் வந்தான்.

ஒவ்வொரு துண்டையும் முழுவதும் படிப்பதற்கு முன், ஒரு நொதியால் வெட்டிப் பார்ப்போம். வெட்டுத் துண்டுகள் மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் கோடுகளாக ஓடி நிற்கும் அமைப்பு ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஓர் அமைப்பு முதல் தொகுதியில் எங்குமே இல்லை. இரண்டாம் தொகுதியில் ஏரியின் கரையோரச் சேற்றிலும் நடு ஏரிச் சேற்றிலும் வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில் ஒரு கரும்பு வயலில் எடுத்த மண்ணிலும் வந்தது. அவள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள். "எந்தப் பந்தியப் பார்த்தாலும் மொத ஆளா உக்காந்துட்டு இருக்கறானுங்க, மேடம்."

வரிசையைப் படித்தோம். அப்போது எங்களிடம் தானாகப் படிக்கும் இயந்திரம் கிடையாது. கதிரியக்கம் ஏற்றி ஜெல்லில் ஓட்டி, எக்ஸ்ரே ஃபிலிமில் பதித்து, விளக்குப் பெட்டிமேல் வைத்து, கீழிருந்து மேலாக ஏணிப்படி ஏறுவதுபோல் படிக்கவேண்டும். ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுவது எங்கள் முறை. ஒரே ஆள் பார்த்து எழுதினால் கண் தாவிவிடும். எழுதியதைக் கணினி அறைக்கு எடுத்துப்போய், வெளிநாட்டில் இருக்கும் தரவு வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வந்துவிடுவோம். பதில் வர ஒரு நாள்கூட ஆகும். வந்த பதிலில் நெருங்கிய உறவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பங்காளி இல்லை, சம்பந்தி இல்லை; எங்கோ தூரத்து வகையறா. அதுவரை யாரும் தட்டில் வளர்த்திராத, யாரும் வரிசை படித்திராத ஓர் உயிர்.

தலைவர் அன்று எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிவரச் சொன்னார். ஜெர்மனியில் இதே வேலையைச் செய்யும் ஒரு பேராசிரியருக்கு எழுதினார். அவர் தன் கூடத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதாகவும், கட்டுரை பத்திரிகைக்கு அனுப்பப்பட்டதும் அதன் பிரதியோடு இந்தப் பெண் விண்ணப்பிக்கலாம் என்றும் பதில் எழுதினார். மண்ணிலும் சேற்றிலும் ஒன்றுபோல் வாழும் புது இனம் என்பது அவருக்கு முக்கியமாகப் பட்டிருந்தது. அவளுடைய உதவித்தொகை அந்த நிதியாண்டோடு முடிகிறது. ஹனூரில் அவள் அப்பா, டிராக்டர் வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் தன் மகள் ஒரு பூச்சியைக் கண்டுபிடித்திருக்கிறாள், அதைக் காட்டச் சீமைக்குப் போகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "பூச்சி இல்லீங்கப்பான்னு எத்தனை வாட்டி சொல்றது" என்று அவள் சலித்துக்கொள்வாள். ஆனால் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டாள். சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டால் எப்படி இருக்கும் என்று விடுதிப் பெண்கள் கேலி செய்ததை என்னிடம் வந்து சொன்னாள்.

கோடையில் நாங்கள் குண்டலுபேட்டைப் பக்கம் போனோம். வேறு வேலைக்காகப் போன இடத்தில், உழுது போட்டுப் பல மாதமாக மழை காணாத ஒரு மேட்டு நிலத்தில் அவள் கொஞ்சம் மண் எடுத்துக்கொண்டாள். சும்மா ஒப்பிட்டுப் பார்க்க என்றாள். காலடியில் புழுதியாய்ப் பறந்த மண் அது. அதிலும் மாப்பிள்ளை வந்தான். வந்தது மட்டுமல்ல, மற்ற எல்லா மாதிரிகளையும்விட அதிகமாக வந்தான்.

தலைவர் ஜெல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நோடி, இங்க பாருங்கோ, எங்க தொட்டாலும் இருக்கு" என்றார். கட்டுரையின் தலைப்பை அன்றே மாற்றினார். நான் இரண்டு முறை என் இடத்துக்குத் திரும்பிப்போய் இரண்டு முறையும் எழுந்து வந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கும், காற்றே போகாத கருஞ்சேற்றில் வாழ்கிற ஒன்று, வெயிலில் காய்ந்த புழுதியிலும் வாழலாம். வாழக்கூடாது என்று சட்டமில்லை. ஆனால் உயிர் குறைவாக இருக்கும் மண்ணில் அது ஏன் அதிகமாக வரவேண்டும்?

படத்தின் கடைசி வரிசையில் பிளாங்க் இருந்தது. பிளாங்க் என்பது சேறும் மண்ணும் எதுவும் சேர்க்காமல், நீரையும் கரைசல்களையும் மட்டும் போட்டு ஓட்டும் டியூப். அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்திருந்தது; புகைபோல் ஒரு மெல்லிய கோடு. இது புதிதல்ல. பி.சி.ஆரில் டி.என்.ஏ.வைப் பெருக்க நாங்கள் பயன்படுத்தும் நொதியே ஒரு பாக்டீரியாவில் தயாராகிறது, அதன் டி.என்.ஏ. கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும். எல்லா பாக்டீரியாவையும் பிடிக்கும் வலையை வீசினால் அதுவும் மாட்டும். பிளாங்கில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தால் நொதியின் கோடு என்று சொல்லிவிட்டு மேலே போவது இந்தத் தொழிலில் எல்லோருடைய பழக்கமாகவும் இருந்தது. கட்டுரைகளில்கூட ஒரு வரி எழுதுவார்கள்.

மறுநாள் தலைவர் அறையில் நாங்கள் மூவரும் இருந்தபோது நான் சொன்னேன்: "அனுப்பறதுக்கு முன்னால பிளாங்கில வந்த கோட்டைக் குளோன் பண்ணிப் படிச்சுடலாம்."

"எதுக்கு? அது நொதியோடது. எல்லாருக்கும் வரது."

"நொதியோடதுதான்னு படிச்சுட்டுச் சொல்லலாமே, சார்."

"பாருங்கோ, ஜெர்மனிக்காரர் இந்த மாசக் கடைசி வரைதான் இடத்தை வெச்சிண்டிருப்பார். நீங்க ஒரு ஜெல் ஓட்டி, ஃபிலிம் போட்டு, அதைப் படிச்சு, மறுபடி ஒண்ணு ஓட்டி..." அவர் அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன தோணறதும்மா?"

அவர் நேர்மையற்றவர் அல்ல. அவர் சொன்னது அந்தத் துறையின் நடைமுறை. அப்படியே அனுப்பியிருந்தால் எந்தப் பத்திரிகையும் கேள்வி கேட்டிருக்காது. ஜெர்மனியிலும் கேட்டிருக்கமாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும்.

"நொதியோடதுன்னு வந்துட்டா, அங்க போனப்பறம் யாராச்சும் கேட்டா படிச்சுட்டேன்னு சொல்லலாமுங்களே, சார்" என்றாள். அவள் சொன்ன காரணம் அவள் நினைத்த காரணம் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

குளோன் செய்து, அதாவது துண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்து, நொதியால் வெட்டிப் பார்க்காமல், நேராக வரிசைக்கே போனாள். வெட்டிப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். அவள் அதைத் தவிர்த்தாள், நானும் வற்புறுத்தவில்லை. ஃபிலிமை அட்டெண்டர் இருட்டறையிலிருந்து ஈரத்தோடு கொண்டுவந்து கொடுத்தார். காயும்வரை மின்விசிறியின் கீழ் கிளிப்பில் தொங்கவிட்டோம். பிறகு விளக்குப் பெட்டியைப் போட்டேன். நான் சொன்னேன், அவள் எழுதினாள்.

"ஜி. ஏ. டி. ஜி. ஏ. ஏ. சி..."

எல்லா பாக்டீரியாவிலும் ஒன்றாக இருக்கும் பகுதி முதலில் வரும். அதில் ஒன்றும் தெரியாது. ஆளுக்கு ஆள் மாறும் பகுதி அதற்கு மேல். என் விரல் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தது. நொதிக்காரனாக இருந்தால் வரவேண்டிய எழுத்துகள் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். அவை வரவில்லை.

"டி. டி. சி. ஏ..."

"ஜி" என்றாள் அவள்.

நான் நிமிர்ந்தேன். அவள் ஃபிலிமைப் பார்க்கவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்திருந்தாள். "ஜி, ஜி, டி, ஏ, சி, டி, டி" என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் விரலை அவள் குரலுக்குப் பின்னால் நகர்த்தினேன். ஓர் எழுத்துகூட விலகவில்லை. எழுத்துகள் மங்கும் உச்சிவரை போய் நிறுத்தினாள்.

"மாப்பிள்ளைதானுங்க" என்றாள்.

அதன் பொருள் இதுதான்: சேறும் மண்ணும் சேர்க்காத வெறும் டியூபில் அவன் இருந்தான். ஆகவே ஏரியிலிருந்து வரவில்லை. கரும்பு வயலிலிருந்து வரவில்லை. நாங்கள் போட்ட நீரிலோ கரைசலிலோ இருந்து எல்லா மாதிரிக்குள்ளும் போயிருக்கிறான். எதில் டி.என்.ஏ. குறைவோ அதில் அவன் அதிகமாகத் தெரிந்திருக்கிறான். குண்டலுபேட்டைப் புழுதியின் புதிர் அவிழ்ந்தது. ஜெர்மனிக்குப் போகவேண்டிய கட்டுரையும் கூடவே அவிழ்ந்துபோனது.

தலைவரிடம் அவளே போய்ச் சொன்னாள். நான் வெளியே இருந்தேன். அவர் குரல் உயரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து, "உள்ள வாங்கோ. எங்கேர்ந்து வந்தான்னு பாக்கணுமே" என்றார். அவர் மேசைமேல் தட்டச்சு செய்த கட்டுரை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

தேடுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. புதிதாகப் புட்டி திறந்து எல்லாவற்றையும் மாற்றினால் கோடு போனது. அவளுடைய விஜயதசமி டியூப்களில் எதைச் சேர்த்தாலும் வந்தது. ஒன்றில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும். எல்லாவற்றையும் தொட்டது பிப்பெட்தான். பெரிய பிப்பெட்டின் கீழ்க்குழலைத் திருகிக் கழற்றி, விளக்குப் பெட்டிமேல் பிடித்தேன். உள்ளே, பிஸ்டன் வந்து நிற்கும் இடத்துக்குக் கீழே, வளையமாகச் சிவப்பு படிந்திருந்தது. அவள் நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள். முகரவே வேண்டியிருக்கவில்லை.

"குங்குமமுங்க."

பூஜைத் தண்ணீர் இலையில் தேங்கி, குங்குமத்தையும் கரைத்துக்கொண்டு குழலுக்குள் ஏறியிருக்கிறது. காயும் முன்பே அவள் மறுநாள் அதை எடுத்து வேலையைத் தொடங்கிவிட்டாள். களைக்கொத்துக்கு அது ஒன்றும் செய்திருக்காது.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. "அப்ப அவன் காவேரிக்காரனுங்களா, மேடம்?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவன் பொய்யான உயிர் இல்லை. யாரும் வளர்த்திராத, யாரும் படித்திராதவன் என்பது அப்படியே இருந்தது. விலாசம்தான் தவறு. ஏரி என்று எழுதிய இடத்தில் ஆறு என்று திருத்தினால் கட்டுரையின் பாதியாவது மிஞ்சும். மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் ஸ்ரீரங்கப்பட்டணம் போய், அட்டெண்டர் சொன்ன படித்துறையில் மேல்நீர், அடிநீர், கல் இடுக்குப் பாசி என்று நிறைய எடுத்துவந்தாள். அந்த வாரம் முழுவதும் அவள் முகத்தில் மறுபடி வேகம் இருந்தது.

காவேரியில் அவன் இல்லை.

இரண்டாம் முறை போய் எடுத்துவந்தாள். மாப்பிள்ளையின் மரபணுவை மட்டும் தேடிப் பிடிக்கும் பிரைமர் என்ற டி.என்.ஏ. துணுக்கை வரவழைத்துப் போட்டோம். ஆற்றில் வேறு எத்தனையோ பேர் இருந்தார்கள். அவன் மட்டும் இல்லை. ஆற்றுநீர் பருவத்துக்குப் பருவம் மாறும். தசரா சமயத்து நீர் வேறாக இருந்திருக்கலாம். அப்படியானால் அடுத்த தசரா வரை காத்திருக்கவேண்டும். தேநீர் நேரத்தில் இதை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது, அட்டெண்டர் கோப்பைகளை எடுக்க வந்தவர், எடுக்காமல் நின்றார்.

"மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"அன்னிக்கு அது காவேரி இல்ல."

இருவரும் அவரைப் பார்த்தோம்.

"விடியறப்போ பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன் மேடம். ஆயுத பூஜை அல்லவா, எல்லா பஸ்ஸையும் கழுவி நிறுத்தி வாழைக்கன்னு கட்டிட்டு இருக்கான். டிரைவரைக் கேட்டா, 'பஸ்ஸுக்கே இன்னிக்கு பூஜை, அது எப்படி ஓடும், சும்னே இரு'ங்கறான். பெரியவர் ஒம்பது மணிக்கு வந்து நிப்பார். என்ன பண்றது? மாடிமேல ஏறி நம்ம டேங்க்லயே பிடிச்சேன். தண்ணி எல்லாம் காவேரியிலிருந்துதானே மேடம் வருது, குழா வழியா!"

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல், தலையை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அட்டெண்டருக்குத் தைரியம் வந்துவிட்டது. "அப்ப உங்க ஆளு வெளியூர் மாப்பிள்ளை இல்ல. வீட்டோட மாப்பிள்ளை" என்றார்.

மாடித் தொட்டி சிமெண்டுத் தொட்டி. மூடியின் ஒரு மூலை உடைந்திருந்தது. உட்சுவரில் விரலால் தொட்டால் வழுவழுப்பாக ஒரு படலம். அதைச் சுரண்டி எடுத்துவந்தாள். புதுப் பிப்பெட், புதுப் புட்டி, மூன்று பிளாங்க். பிளாங்குகள் மூன்றும் வெறுமையாக இருந்தன. படலம் போட்ட டியூபில் கோடு தடித்து நின்றது. நாங்கள் தினமும் கை கழுவிய, கண்ணாடிச் சாமான் கழுவிய தண்ணீரில் அவன் எத்தனை வருடமாகக் குடியிருந்தான் என்று யாருக்குத் தெரியும்?

ஜெர்மனிக்கு அவள் கடிதம் எழுதினாள். தலைவர் திருத்திக் கொடுத்தார். ஆயுத பூஜையை எப்படி விளக்குவது என்பதில் இருவருக்கும் ஒரு மத்தியானம் போனது. பதில் சீக்கிரமே வந்தது. மரியாதையான பதில். இடம் மண் ஆய்வுக்கானது என்பதால் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும், தன் கூடத்திலும் இனி பிளாங்க் கோடுகளை வரிசை படிக்கச் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருந்தார். அவள் அதை ஒருமுறை படித்து என்னிடம் கொடுத்தாள். பாஸ்போர்ட் அதற்குப் பிறகுதான் வந்தது. அதைப் பெட்டிக்குள் எங்கே வைப்பது என்று தெரியாமல் சில நாள் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தாள். ஹனூரில் அவள் அப்பா, சீமைப் பயணம் தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்.

உதவித்தொகையைத் தலைவர் அலைந்து நீட்டித்து வாங்கினார். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் இரண்டாம் தொகுதியை முழுவதும் தள்ளிவிட்டு மறுபடி எழுதப்பட்டது. ஏரியில் புதிதாக ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு சிறு கட்டுரை போனது. தரவு வங்கியில் வரிசையைச் சேர்க்கும்போது, எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு வரி கேட்பார்கள். எழுதுவதற்கு முன் என்னிடம் கேட்டாள். உள்ளதை எழுது என்றேன். மைசூர், கட்டிட மேல்நிலைத் தொட்டி, உட்சுவர்ப் படலம் என்று எழுதினாள். அவன் அங்கே அந்த விலாசத்தோடு இருக்கிறான்; பிற்பாடு யாரோ தங்கள் ஊர்க் குடிநீர்க் குழாயில் அவன் உறவினன் ஒருவனைக் கண்டதாக எழுதியிருந்ததைப் பார்த்தேன். இன்றுவரை அவனைத் தட்டில் வளர்த்தவர் இல்லை. நானும் சில தட்டுகள் போட்டுப் பார்த்தேன். வரவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவள் இன்னும் எங்களிடம்தான் இருந்தாள். வாய்மொழித் தேர்வு பாக்கி. ஹைதராபாத்தில் ஒரு வேலைக்கு அழைப்பு வந்திருந்தது, போவதா என்று முடிவு செய்யவில்லை. முந்தைய மாலையே பிப்பெட்டுகளைச் சுத்தம் செய்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள். காலையில் வாழை இலையை விரித்து, ஸ்பிரிங் உடைந்து எதற்கும் பயன்படாத பழைய பிப்பெட் ஒன்றை மட்டும் நடுவில் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதானா?" என்றார் தலைவர்.

"எல்லாத்துக்கும் சேர்த்து இது வாங்கிக்குமுங்க, சார்."

அட்டெண்டர் கேனோடு வந்தார். யாரும் கேட்கும் முன்பே சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். "ராத்திரி பஸ்ஸிலயே போய்ப் படுத்துட்டு வந்தேன். இது காவேரி. அம்மா மேல ஆணை."

தலைவர் மாவிலையைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் கேனை வாங்கி, மூடியைத் திறந்து, அப்போதுதான் உறை பிரித்த ஒரு புது டியூபில் கொஞ்சம் எடுத்து இறுக மூடினாள். மேலே இடத்தையும் தேதியையும் எழுதி, ஃப்ரீசரில் வைத்துவிட்டு வந்து, இனித் தெளிக்கலாம் என்றாள்.